கவர்னரின் அருகே ஒரு நீதியாசனம்

1774ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நான்கு ஆங்கில நீதிபதிகள் கல்கத்தாவில் வந்து இறங்கியபோது அவர்கள் கையில் இருந்தது மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சாசனம். அவர்கள் வந்து சேர்ந்த நகரத்தையும் அதன் பின்னே விரிந்து கிடந்த வங்க தேசத்தையும் ஆண்டுகொண்டிருந்ததோ ஒரு வியாபாரக் கம்பெனி. மன்னரின் பெயரால் நீதி வழங்க வந்தவர்களின் அதிகாரம் எங்கே முடிகிறது, கம்பெனியின் பெயரால் வரி வசூலித்தவர்களின் அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்பதை அச்சாசனமும் திட்டமாகச் சொல்லவில்லை. அதற்கு ஆதாரமாக நின்ற 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டமும் சொல்லவில்லை. அந்த மௌனத்திலிருந்து எழுந்த கேள்வி இருநூற்றைம்பது ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகிறது. பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளின் ஆரம்ப காலத்தில் தலைமை நீதிபதி என்பவர் ஆட்சியாளரின் கையைப் பிடித்து நிறுத்த வந்தவரா, அன்றி அந்தக் கைக்கே வலுவூட்ட வந்தவரா?

கேள்வி கல்கத்தாவோடு நின்றுவிடவில்லை. சென்னை, பம்பாய், கொழும்பு, ஹாலிபாக்ஸ், கியூபெக், சிட்னி, ஹோபார்ட் என்று எங்கெல்லாம் அந்த ஆசனம் இடப்பட்டதோ அங்கெல்லாம் அது வேறு வேறு வடிவில் எழுந்தது. விடை கூறியவர்களுள் அரசியல்வாதிகள் உண்டு, நீதிபதிகள் உண்டு, சரித்திர ஆசிரியர்கள் உண்டு. அவரவர் விடையில் அவரவர் காலத்து வழக்கும் வக்காலத்தும் கலந்தே இருக்கின்றன. அவ்விடைகள் எங்கிருந்து பிறந்தன, எங்கே வலுவுடையன, எங்கே தளர்கின்றன என்று ஆராய்வதே இங்கு நோக்கம்.

உத்தியோகத்தின் அமைப்பு

விடைகளை ஆராயுமுன் அந்த உத்தியோகம் எப்படி அமைந்திருந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 1701ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக நீதிபதிகள் நன்னடத்தை உள்ளவரை பதவியில் நீடிக்கும் உரிமை பெற்றிருந்தார்கள். கடல் கடந்த நாடுகளுக்கு அனுப்பப்பட்ட நீதிபதிகளோ பெரும்பாலும் மன்னரின் விருப்பம் உள்ளவரைதான் பதவியில் இருந்தார்கள். 1782இல் நிறைவேறிய மற்றொரு சட்டம், குடியேற்ற நாட்டின் கவர்னரும் அவருடைய கவுன்சிலும் கூடி அங்குள்ள உத்தியோகஸ்தரை விலக்குவதற்கு வழி செய்தது. மேல் கனடாவிலும் பின்னர் ஆஸ்திரேலியாவின் போர்ட் பிலிப்பிலும் நீதிபதியாக இருந்த ஜான் வால்போல் வில்லிஸ் என்பவர் 1828, 1843 ஆகிய ஆண்டுகளில் இருமுறை பதவியினின்றும் நீக்கப்பட்டார். எவருடைய செயலுக்கு எல்லை வகுக்க வேண்டுமோ அவரே தம்மை விலக்கக்கூடும் என்ற நிலையில்தான் அந்நீதிபதிகள் பலர் தீர்ப்பெழுதினார்கள்.

மேலும், நீதி வழங்குவதோடு அவர்கள் வேலை முடிந்ததில்லை. கொழும்பின் தலைமை நீதிபதி அலெக்ஸாண்டர் ஜான்ஸ்டன் அரசாங்கக் கவுன்சிலின் தலைவராகவும் இருந்தார். கீழ்க் கனடாவின் தலைமை நீதிபதி ஜானதன் சூவெல் சட்டசபையின் மேல்மன்றத்தில் அவைத் தலைவராகவும் வீற்றிருந்தார். 1814இல் மக்கள் மன்றம் அவர்மீதும் மான்ட்ரியல் தலைமை நீதிபதி ஜேம்ஸ் மங்க் மீதும் குற்றச்சாட்டுத் தொடுத்தபோது, நீதிபதியின் இருக்கைக்கும் ஆலோசகரின் இருக்கைக்கும் இடையே சுவர் எதுவும் இல்லை என்பதே அதன் சாரமான மனக்குறையாக இருந்தது. ஊதியம் மட்டும் குறைவில்லை. கவர்னர் ஜெனரலுக்கு ஆண்டொன்றுக்கு 25,000 பவுனும் கவுன்சில் அங்கத்தினருக்கு 10,000 பவுனும் என்று விதித்த 1773ஆம் ஆண்டுச் சட்டம், கல்கத்தாத் தலைமை நீதிபதிக்கு 8,000 பவுனும் மற்ற நீதிபதிகள் மூவருக்கும் தலைக்கு 6,000 பவுனும் ஒதுக்கியது. அந்தஸ்தில் கவர்னருக்கு அடுத்த படியிலும், பாதுகாப்பில் சாதாரண உத்தியோகஸ்தரின் படியிலும் வைக்கப்பட்ட ஒருவரிடம் எத்தகைய சுதந்திரத்தை எதிர்பார்க்கலாம் என்பது, தனிமனிதரின் குணநலத்தை எடைபோடுமுன் கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

நந்தகுமார் வழக்கும் முதல் விடையும்

ஆனால் விவாதம் தொடங்கியது குணநலத்திலிருந்துதான். கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டின் முதல் தலைமை நீதிபதி சர் எலைஜா இம்பி; அவரும் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் உடன் பயின்றவர்கள். 1775 மார்ச்சு மாதத்தில் மகாராஜா நந்தகுமார் ஹேஸ்டிங்ஸ் மீது லஞ்சக் குற்றம் சாட்டினார். அதே ஆண்டு மே மாதத்தில், பொலாகி தாஸ் என்ற வட்டிக் கடைக்காரரின் சொத்து தொடர்பான பத்திரம் ஒன்றைப் பொய்யாகப் புனைந்தார் என்ற புகாரின்பேரில் நந்தகுமார் கைது செய்யப்பட்டார். ஜூன் 8ஆம் தேதி தொடங்கிய விசாரணை ஒரு வாரத்துக்குச் சற்று மேல் நீடித்தது. ஐரோப்பிய ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றனர். ஆகஸ்டு 5ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார். பொய்ப்பத்திரத்துக்கு மரண தண்டனை என்பது 1729ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம். வங்காளத்து மக்களின் எந்த வழக்கத்திலும் அத்தண்டனை இல்லை. 1765இல் ராதாசரண் மித்ரா என்பவருக்கு இதே குற்றத்துக்காக இதே தண்டனை விதிக்கப்பட்டு, நகரத்தாரின் விண்ணப்பத்தின்மேல் அது நிறைவேற்றப்படாமல் விடப்பட்டதும் உண்டு. தண்டனையை நிறுத்திவைத்து மன்னருக்கு எழுதும் அதிகாரம் சாசனத்திலேயே இருந்தது. நந்தகுமாருக்காக அது பயன்படுத்தப்படவில்லை.

இந்நிகழ்ச்சிகளின் வரிசையே முதல் விடையைத் தோற்றுவித்தது. நண்பனைக் காப்பாற்ற நீதியின் வாளை எடுத்துக் கொடுத்தார் தலைமை நீதிபதி என்பது அவ்விடை. பார்லிமெண்டில் 1787 டிசம்பரில் சர் கில்பர்ட் எலியட் இம்பியின்மீது குற்ற விசாரணை கோரினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இம்பி தாமே சபையின் முன் நின்று எதிர்வாதம் செய்தார். மே மாதத்தில் 73 வாக்குகளுக்கு எதிராக 55 வாக்குகளே பெற்று அம்முயற்சி தோற்றது. இம்பியின் கையால் ஹேஸ்டிங்ஸ் நந்தகுமாரைக் கொலை செய்தார் என்று பேசியதற்காக எட்மண்ட் பர்க்கை அதே சபை 1789இல் கண்டித்தது. ஆயினும் சபையில் தோற்ற வழக்கு நூல்களில் வென்றது. 1817இல் ஜேம்ஸ் மில்லின் இந்திய சரித்திரமும், 1841இல் வாரன் ஹேஸ்டிங்ஸைப் பற்றி மெக்காலே எழுதிய கட்டுரையும் இம்பியை நீதித்துறையின் இழிவுக்கு ஓர் உருவமாகவே நிறுத்திவிட்டன. மெக்காலேயின் கட்டுரை ஆங்கிலம் கற்ற பல தலைமுறையினருக்குப் பாடமாகவே இருந்தபடியால், அவர் தீட்டிய சித்திரத்தை அழிப்பது எளிதாக இருக்கவில்லை.

இவ்விடையின் பலவீனம் அதனுள்ளேயே இருக்கிறது. மெக்காலே இம்பியின்மீது இரண்டு குற்றங்களைச் சுமத்துகிறார்: நீதிஸ்தலத்தின் அதிகாரத்தை எல்லையற்று விரித்து அரசாங்கத்தையும் மக்களையும் நடுங்கவைத்தார் என்பது ஒன்று, அரசாங்கத்துக்குத் தம்மை விற்றுவிட்டார் என்பது மற்றொன்று. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் இரண்டும் உண்மையாயின் அவர் வெறும் கருவி அல்லர். அரசாங்கத்தின் கருவியாக வந்தவர் அந்த அரசாங்கத்தோடேயே நான்கைந்து ஆண்டுகள் போராடியிருக்க முடியாது. ஹேஸ்டிங்ஸை எதிர்த்து, நந்தகுமாரின் பக்கம் நின்றதாகக் கருதப்படும் கவுன்சில் பெரும்பான்மையினரின் நடத்தையையும் இவ்விடை போதிய அளவு கவனிப்பதில்லை. இறக்குமுன் நந்தகுமார் எழுதிய விண்ணப்பம் அப்பெரும்பான்மையினருள் ஒருவரான ஜெனரல் கிளேவரிங்கின் கையில் சேர்ந்தது. அவர் அதைக் கவுன்சிலின் முன் வைத்ததோ அம்மனிதர் தூக்கிலேறிய பின்பு. ஒரு மனிதரின் உயிரை எல்லாத் தரப்பாரும் தத்தம் கட்சிக்குரிய காயாக எண்ணியிருந்தார்கள் என்று சொல்வது கடுமையாக இருந்தாலும், ஆவணங்கள் அதற்கு இடமளிக்கின்றன.

ஸ்டீபனின் மறுப்பு

இரண்டாவது விடை ஒரு நீதிபதியிடமிருந்தே வந்தது. இந்தியாவில் சட்ட அங்கத்தினராக இருந்து, பின்னர் இங்கிலாந்தில் நீதிபதியான ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், விசாரணைப் பதிவுகளை வரிவரியாக ஆராய்ந்து 1885இல் ஒரு நூல் வெளியிட்டார். தீர்ப்பு இம்பி ஒருவருடையதன்று, நான்கு நீதிபதிகளும் பன்னிரண்டு ஜூரிகளும் சேர்ந்தது என்பதும், விசாரணை அக்கால ஆங்கில முறைக்கு முரணானதன்று என்பதும், ஹேஸ்டிங்ஸுக்கும் இம்பிக்கும் இடையே சதி நடந்ததற்கு நேரான சான்று இல்லை என்பதும் அவருடைய வாதம். மறு ஆண்டே, வங்காளத்தில் உத்தியோகம் பார்த்த ஹென்றி பெவரிட்ஜ் அதற்கு எதிர்நூல் வெளியிட்டார். எதிர்த்தரப்புச் சாட்சிகளை நீதிபதிகளே குறுக்கு விசாரணை செய்தமையையும், 1729ஆம் ஆண்டுச் சட்டம் கல்கத்தாவுக்குப் பொருந்துமா என்ற ஐயத்தையும் முன்வைத்து, நீதியின் வடிவம் இருந்தது, நீதி இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

சதி என்ற குற்றச்சாட்டை ஸ்டீபன் வெகுவாகத் தளர்த்திவிட்டார் என்பதைப் பட்சபாதமின்றி ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவர் நிறுவியது எவ்வளவு? ஆங்கிலச் சட்டம் ஆங்கில முறைப்படி நடத்தப்பட்டது என்பதே. அந்தச் சட்டம் அந்த மனிதர்மீது ஏன் பாய வேண்டும் என்ற கேள்வி அவருடைய நூலின் விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. உடனிருந்த நீதிபதிகளுள் சட்டக் கல்வியில் மிகச் சிறந்தவரான ராபர்ட் சேம்பர்ஸ், மரண தண்டனை விதிக்காத பழைய எலிசபெத் காலத்துச் சட்டத்தின்படி வழக்கை நடத்தலாம் என்று தொடக்கத்தில் கருதி, மற்றவர்களால் மறுக்கப்பட்டு, பிறகு இணங்கினார். அந்த ஒரு கணத்தின் தயக்கம், வேறு வழி அன்றைய சட்டப் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது என்பதைக் காட்டுகிறது. 1967இல் இம்பியின் வரலாற்றை எழுதிய பி. என். பாண்டே, ஆங்கிலச் சட்டத்தை அந்நிய மண்ணில் நடும் வேலையில் அகப்பட்டுக்கொண்டவராக அவரைக் கண்டதனால், கயவரா நல்லவரா என்ற பழைய தராசினின்றும் விவாதம் ஓரளவு விடுபட்டது.

பாட்னாவும் காசிஜோராவும்

நந்தகுமாரின் மரணம் எல்லாரும் அறிந்த கதை. இக்கேள்விக்கு அதைவிட அதிக வெளிச்சம் தருவன அடுத்து வந்த இரண்டு சிவில் வழக்குகள் என்று கருத இடமுண்டு.

பாட்னாவில் ஷாபாஸ் பேக் கான் என்பவர் 1776இன் இறுதியில் மக்கட்பேறின்றி இறந்தார். அவருடைய மனைவி நாதிரா பேகம் சொத்து முழுவதும் தமக்கே எழுதிவைக்கப்பட்டது என்றார். இறந்தவரின் சகோதரர் மகன் பகதூர் பேக் அதை மறுத்தார். கம்பெனியின் மாகாணக் கவுன்சில் விசாரணையைத் தானே செய்யாமல் காஜியிடமும் முப்திகளிடமும் ஒப்படைத்தது. அவர்கள் பேகத்தின் பத்திரங்களைப் பொய்யென்று ஒதுக்கி, சொத்தைப் பங்கிட்டார்கள். வீட்டை இழந்த பேகம் கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டின் கதவைத் தட்டினார். தனக்கு ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தை மற்றொருவருக்கு ஒப்படைக்கக் கவுன்சிலுக்கு உரிமை இல்லை என்று கூறிய நீதிஸ்தலம், பகதூர் பேக்கும் காஜியும் முப்திகளும் மூன்று லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கல்கத்தாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட வழியிலேயே முதியவரான காஜி இறந்தார். முப்திகள் 1781 வரை சிறையில் கிடந்தார்கள்.

இவ்வழக்கில் தலைமை நீதிபதி யாருடைய பக்கம் நின்றார்? கம்பெனி அரசாங்கத்துக்கு எதிராக நின்றார். அநாதரவான ஒரு விதவைக்குத் துணை நின்றார். அதே தீர்ப்பால், தலைமுறை தலைமுறையாகத் தம் சமயச் சட்டப்படி தீர்ப்புச் சொல்லிவந்த பெரியவர்களைச் சிறைக்கு அனுப்பினார். மூன்றும் ஒரே செயல். ஒரே வினைக்கு மூன்று பெயர் சூட்ட வேண்டியிருக்கிறது என்பதே, கருவியா வேலியா என்ற இருமைக்குள் இவ்வுத்தியோகம் அடங்காது என்பதற்கு முதற் சான்று.

காசிஜோராவின் ராஜா, காசிநாத் என்பவருக்குக் கடன்பட்டிருந்தார். கடன் கொடுத்தவர் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். ஜமீன்தாருக்கும் அந்த நீதிஸ்தலத்துக்கும் சம்பந்தமில்லை என்று கவுன்சில் அறிவித்தது. ஷெரிப்பின் ஆட்கள் ராஜாவின் அந்தப்புரத்திலும் பூஜை அறையிலும் நுழைந்தார்கள் என்ற புகார் எழுந்தது. கவுன்சில் படைவீரர்களை அனுப்பி அவ்வாட்களைச் சிறைப்பிடித்தது. மன்னரின் நீதிபதியும் கம்பெனியின் சிப்பாயும் நேருக்கு நேர் நின்ற அந்த 1780ஆம் ஆண்டுக்குப் பின்னர் நிலைமையை அப்படியே விட்டுவைக்க எவராலும் முடியவில்லை. 1781ஆம் ஆண்டுச் சட்டம் கவர்னர் ஜெனரலையும் கவுன்சிலையும் வரி வசூல் விவகாரங்களையும் நீதிஸ்தலத்தின் வரம்பினின்றும் விலக்கிற்று. வாரிசுரிமையிலும் ஒப்பந்தத்திலும் இந்துக்களுக்கு இந்து தர்மமும் முகம்மதியர்க்கு முகம்மதியச் சட்டமும் என்று விதித்தது. இடையில், 1780 அக்டோபரில், ஹேஸ்டிங்ஸ் இம்பிக்குக் கம்பெனியின் உயர் சிவில் நியாயஸ்தலமான சதர் திவானி அதாலத்தின் தலைமையையும் அதற்கெனத் தனி ஊதியத்தையும் அளித்தார். இம்பியைத் திருப்பி அழைக்கக் காரணமாயிருந்தது இதுவே. எனினும் அப்பதவியில் அவர் தொகுத்த 95 விதிகள் கம்பெனியின் சிவில் நியாயஸ்தலங்களுக்கு முதன்முதலாக ஓர் ஒழுங்கான நடைமுறையைத் தந்தன என்பதையும் மறக்கலாகாது. கவர்னரோடு சமாதானம் ஆன பிறகே தலைமை நீதிபதியால் நிலையான வேலை ஒன்றைச் செய்ய முடிந்தது.

பம்பாயில் அதே நாடகம் அரை நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் நடந்தது. 1824இல் திறக்கப்பட்ட அங்குள்ள சுப்ரீம் கோர்ட்டின் முதல் தலைமை நீதிபதி எட்வர்ட் வெஸ்ட், பொருளாதார நூலறிவிலும் பெயர் பெற்றவர், 1828இல் இறந்தார். இரண்டாம் நீதிபதியான மற்றொரு சேம்பர்ஸும் அடுத்து மறைந்தார். எஞ்சிய ஜான் பீட்டர் கிராண்ட், பூனாவில் உறவினரின் காவலில் வைக்கப்பட்டிருந்த மோரோ ரகுநாத் என்ற சிறுவனை நீதிஸ்தலத்தின் முன் கொண்டுவரும்படி ஆள்கொணர் ஆணை பிறப்பித்தார். கவர்னர் சர் ஜான் மால்கம் அதை நிறைவேற்ற மறுத்தார். 1829 ஏப்ரலில் கிராண்ட் நீதிஸ்தலத்தையே மூடிவிட்டார். பிரிவி கவுன்சில் கவர்னரின் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. கிராண்ட் என்னும் காட்டு யானையை, பழகிய இரண்டு யானைகளுக்கு நடுவே நிறுத்தப்போவதாக, கம்பெனியின் விவகாரங்களை லண்டனில் மேற்பார்த்த போர்டின் தலைவர் எலன்பரோ பிரபு மால்கமுக்கு எழுதிய கடிதம் வெளிப்பட்டபோது, நீதிபதியின் சுதந்திரத்தை லண்டன் எப்படி மதித்தது என்பதை விளக்க வேறு உரை வேண்டியதில்லை.

சிட்னியும் ஹோபார்ட்டும்

மூன்றாவது விடை ஆஸ்திரேலியாவிலிருந்து வருவது. தலைமை நீதிபதிதான் குடியேற்ற நாட்டின் முதல் அரசியலமைப்பு என்பது அதன் கருத்து. 1788இல் கைதிகளின் குடியிருப்பாகத் தொடங்கிய நியூ சவுத் வேல்ஸில் முதலில் நீதி வழங்கியவர் டேவிட் காலின்ஸ் என்ற கடற்படை வீரர். சட்டம் பயின்றவர் அல்லர். 1823ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சுப்ரீம் கோர்ட்டு 1824 மே 17ஆம் தேதி திறக்கப்பட்டபோது தலைமை நீதிபதியாக வந்தவர், பெர்முடாவில் பிறந்து நியூபவுண்ட்லாந்தில் அப்பதவி வகித்திருந்த பிரான்ஸிஸ் போர்ப்ஸ். அச்சட்டம் அவருக்கு ஓர் அபூர்வமான அதிகாரத்தை அளித்தது: கவர்னர் கொண்டுவரும் எந்தச் சட்டமும், இங்கிலாந்தின் சட்டத்துக்கு முரணானதன்று என்று தலைமை நீதிபதி சான்றளித்தாலன்றி நிறைவேறாது. 1827இல் பத்திரிகைகளுக்கு லைசென்ஸ் விதிக்கக் கவர்னர் டார்லிங் ஒரு மசோதா கொண்டுவந்தபோது போர்ப்ஸ் சான்றளிக்க மறுத்தார். பத்திரிகை பிழைத்தது. கீழ்நிலை நீதிமன்றங்களில் ஜூரி விசாரணைக்கு இடமுண்டு என்று 1824இலேயே தீர்ப்பளித்தவரும் அவரே.

போர்ப்ஸின் துணிவு பாராட்டத் தக்கது. ஆனால் அதிலிருந்து பொதுவிதி வகுக்க முயல்வோர் கடலுக்கு அப்பால் இருந்த வான் டீமன் நாட்டை (இன்றைய டாஸ்மேனியாவை) பார்க்க வேண்டும். அங்கும் அதே 1823ஆம் ஆண்டுச் சட்டம். அதே சான்றளிக்கும் அதிகாரம். 1824இல் பதவியேற்ற தலைமை நீதிபதி ஜான் பெடர். அதே 1827இல் அங்கே கவர்னர் ஆர்தர் கொண்டுவந்த பத்திரிகை லைசென்ஸ் மசோதாவுக்குப் பெடர் சான்றளித்துவிட்டார். அதைப் பின்னர் தள்ளுபடி செய்தது லண்டனே. ஒரே விதி இரண்டு குடியேற்ற நாடுகளில் எதிரெதிரான பலனைத் தந்தது. நிறுவனமே சுதந்திரத்தை உண்டாக்கியது என்ற கட்சி இதனால் தளர்கிறது. எல்லாம் தனிமனிதரின் குணமே என்ற கட்சியும் முழுதாக வெல்லவில்லை, ஏனெனில் 1828இல் புதிய சட்டம் வந்து அந்தச் சான்றளிக்கும் அதிகாரத்தையே பெருமளவு எடுத்துவிட்டது. துணிவுள்ளவர் கையில் அது பயன்பட்டதே அதற்கு ஆயுள் குறைந்ததற்கு ஒரு காரணம் என்று எண்ணத் தோன்றுகிறது.

இவ்விடையின் ஆழமான குறை வேறிடத்தில் இருக்கிறது. பத்திரிகை, ஜூரி ஆகிய இரண்டுமே குடியேறிய ஐரோப்பியருடைய விவகாரங்கள். அம்மண்ணின் ஆதிகுடிகள் அந்த நீதியாசனத்தின் முன் வந்தபோது நடந்தது என்ன? 1829இல் பல்லார்ட் என்ற ஆதிகுடி மற்றொரு ஆதிகுடியைக் கொன்ற வழக்கில், அவர்கள் தமக்குள் நிகழும் பூசல்களைத் தம் வழக்கப்படி தீர்த்துக்கொள்ள விடவேண்டும், ஆங்கிலச் சட்டம் தலையிடுவதற்கில்லை என்ற நிலையைப் போர்ப்ஸ் எடுத்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1836இல், முரெல் வழக்கில் அதே போர்ப்ஸ் தலைமை தாங்கிய நீதிஸ்தலம், நீதிபதி பர்ட்டன் எழுதிய தீர்ப்பின் வழியாக, அவர்களுக்கெனத் தனிச் சட்டம் இல்லை, மன்னரின் சட்டமே அனைவரையும் ஆளும் என்று முடிவு செய்தது. காப்பது போன்ற அந்தக் கொள்கையே அவர்களுடைய சட்ட வாழ்வை இல்லாததாக்கிற்று. அதே கொள்கையின் கீழ், மயால் கிரீக்கில் ஆதிகுடிகளைக் கொன்ற ஏழு பேர் 1838 டிசம்பரில் தூக்கிலிடப்பட்டதும் உண்டு. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துரைத்து மற்றதை மறைப்பவர் சரித்திரம் எழுதுபவர் ஆகார்.

வழக்கத்தைத் தொகுத்தவர்கள்

ஆட்சியோடு மோதாத தலைமை நீதிபதிகளைப் பற்றி நூல்கள் அதிகம் பேசுவதில்லை. ஆயினும் மக்களின் குடும்ப வாழ்வில் நெடுங்காலம் நிலைத்த தடம் பதித்தவர்கள் அவர்களே எனலாம். சென்னையில் 1798இல் ரெக்கார்டராக வந்து, 1801இல் சுப்ரீம் கோர்ட்டு அமைந்தபோது அதன் முதல் தலைமை நீதிபதியான சர் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச், அதற்கு முன் நோவா ஸ்கோஷியாவில் அதே பதவியில் இருந்தவர். அங்கே அடிமைகளுக்கு உரிமை கோரிய எசமானர்களிடம் உரிமைப் பத்திரத்தைக் கண்டிப்பாகக் கேட்டதன் மூலம், அடிமை முறையை அறிவிப்பின்றியே தேயவைத்தவர்களுள் அவரும் ஒருவர். சென்னையில் 1809இல் கம்பெனியின் ராணுவ அதிகாரிகள் கலகத்துக்கு முனைந்தபோது அவர் கவர்னர் பார்லோவை வெளிப்படையாகவே ஆதரித்தார். 1825இல் வெளியான அவருடைய இந்து தர்ம நூல் நெடுநாள் பிரமாணமாக விளங்கியது. மதுரைச் சீமையின் வரலாற்றை எழுதிய ஜே. எச். நெல்சன் 1877இல் எழுப்பிய ஆட்சேபம் இத்தகைய நூல்களின் அடிப்படையையே தொட்டது: வடமொழி ஸ்மிருதிகளை ஒருபோதும் கையாளாத தமிழ் நாட்டுச் சாதியார் பலரின் வழக்கங்களை அந்த ஸ்மிருதிகளின் அளவுகோலால் அளப்பது எவ்வாறு தகும் என்பதே அது. வழக்கத்தை மதிக்கிறோம் என்று தொடங்கியவர்கள் வழக்கத்தை மாற்றிவிட்டார்கள் என்ற அக்குற்றச்சாட்டு இன்றளவும் முற்றும் மறுக்கப்படவில்லை.

இலங்கையில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. அலெக்ஸாண்டர் ஜான்ஸ்டன் மதுரையில் சிறுவயதைக் கழித்து, தமிழ் பேசக் கற்றவர். 1811 முதல் 1819 வரை அங்கே தலைமை நீதிபதி. ஐரோப்பியரல்லாத மக்களும் ஜூரியாக அமரும் முறை அவர் முயற்சியால் 1811ஆம் ஆண்டுச் சாசனத்தின் வழியாக வந்தது; கொழும்பு போன்ற இடங்களின் அடிமை உடைமையாளர்களை இணங்கவைத்து, 1816 ஆகஸ்டு 12ஆம் தேதி முதல் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர் என்று தீர்மானிக்கச் செய்தவரும் அவரே. ஆனால் அதே நாட்டில், டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்துத் தமிழ் முதலிமார் சரிபார்த்த தேசவழமைக்கு 1806இல் ஆங்கில ஆட்சி முழுச் சட்ட வலுவை அளித்திருந்தது. யாழ்ப்பாணத்து மக்களின் சொத்துரிமையை அழகுற வகுத்த அந்நூலின் ஒரு பகுதி அடிமைகளைப் பற்றியது. ஜான்ஸ்டன் போற்றிய நாட்டு வழக்கமும் ஜான்ஸ்டன் விரும்பிய விடுதலையும் ஒன்றையொன்று மறுத்தன. கோவியர், நளவர், பள்ளர் ஆகியோரின் அடிமைநிலை சட்டப்படி ஒழிந்தது 1844இல். வழக்கத்துக்கு மரியாதை செய்த நீதிபதி, அவ்வழக்கத்துக்குள் யாருடைய குரல் இருந்தது என்று கேட்டிருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளனின் துணிபு. எழுதிய முதலிமாரின் குரல் இருந்தது, எழுதப்பட்ட அடிமைகளின் குரல் இல்லை.

ஆட்சிக் கருவி என்ற வாதம்

அண்மைக் காலத்து ஆசிரியர்கள் பழைய கேள்வியையே திருப்பிப் போட்டுப் பார்க்கிறார்கள். சட்டத்தின் ஆட்சி என்ற பெயரே ஆதிக்கத்துக்கு நியாயம் தேடிக்கொடுத்தது என்பது ராதிகா சிங்கா (1998), நாசர் உசேன் (2003) முதலியோர் ஆய்வுகளிலிருந்து திரட்டக்கூடிய கருத்து. நீதிபதி கவர்னரைத் தடுத்த இடங்களிலும், ஆளும் உரிமை மன்னருடையது என்பதை நிலைநாட்டியே தடுத்தார் என்று உசேன் பம்பாய் வழக்கைப் படிக்கிறார். லாரன் பென்டன் (2002) இதை வேறு கோணத்திலிருந்து அணுகி, ஒன்றுக்கு மேற்பட்ட நீதிஸ்தலங்கள் இருந்ததனால் வழக்காளிகள் தமக்கேற்ற கதவைத் தேர்ந்து தட்டினார்கள், அவர்களுடைய வழக்குகளே எல்லையை வகுக்கும்படி ஆட்சியை நெருக்கின என்று காட்டுகிறார். இவ்விரண்டாவது நோக்கு நாதிரா பேகத்துக்கும் காசிநாத்துக்கும் உரிய இடத்தைத் தருகிறது. அவர்கள் சும்மா தீர்ப்புக்காகக் காத்திருந்தவர்கள் அல்லர். ஆனால் கதவைத் தட்டப் பணமும் வக்கீலும் வேண்டும். தட்ட முடியாதவர்களின் எண்ணிக்கையை அந்நோக்கு அளக்க வழியில்லை.

தீராதவை

சில கேள்விகள் ஓரளவு தீர்ந்துவிட்டன. இம்பி கூலிக்குக் கொலை செய்தார் என்று இன்று எழுதுவது கடினம். குடியேற்ற நாட்டு நீதிபதி சுதந்திரத்தின் காவலர் என்று பொதுப்பட எழுதுவதும் அதே அளவு கடினம். பதவியைப் பறிகொடுக்கும் பயமும் கவுன்சிலில் இருந்த இருக்கையும் தீர்ப்புகளை எந்த அளவுக்கு வளைத்தன என்பது, ஒவ்வொரு நீதிபதியின் எல்லாத் தீர்ப்புகளையும், அரசாங்கம் தோற்றவற்றையும் வென்றவற்றையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால்தான் புலப்படும். புகழ்பெற்ற மோதல்களை மட்டும் எண்ணுவதால் புலப்படாது.

அதனினும் பெரிதாக எஞ்சி நிற்பது, அந்த ஆசனத்தின் முன் நின்றவர்கள் அதை எவ்வாறு கண்டார்கள் என்பது. இம்பியோடு அமர்ந்த நீதிபதி ஜான் ஹைடு 1774 முதல் இரண்டு பத்தாண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் எழுதிவந்த குறிப்பேடுகள் எழுபதுக்கும் மேற்பட்டவை கல்கத்தாவில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றில் ராஜாக்களும் கவர்னர்களும் மட்டுமன்றி வேலைக்காரர்களும் கடனாளிகளும் சிறு வியாபாரிகளும் சாட்சி சொல்கிறார்கள். பாட்னாவின் காஜி கல்கத்தாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட வழியில் என்ன நினைத்தார் என்பதற்கு அங்கும் விடை கிடைக்காமற் போகலாம். மெக்காலேயும் ஸ்டீபனும் தேடியது இம்பியின் மனசாட்சியை; இனி அவ்வேடுகளைத் திறப்பவர்கள் தேட வேண்டியது அவருக்கு எதிரே கூண்டில் நின்றவர்களின் சொற்களை.